இரண்டு தட்டுக் கொழும்பு

மியூனிக்
11.01.2025

அன்புத் தங்கச்சி புஷ்பராணிக்கு,

நானும் அத்தானும் சுகம். அவருடைய முழங்கால் மட்டும் பனி விழப்போவதை வானிலைக்காரருக்கு முதலே சொல்லிவிடுகிறது. நீ எப்படி? பிள்ளை தர்மிகா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

போனில் கதைக்கலாமே என்று கேட்டிருந்தாய். என் காதில் இப்போது பாதிதான் விழுகிறது. மீதியை நானே நிரப்பிக்கொண்டு பிறகு உன்னோடு கோபிக்கிறேன். ஆகவே பழையபடி கடிதமே எழுதுவோம். தபாலுக்குப் பதில் ஈமெயில், அவ்வளவுதான்.

கல்யாணம் நின்றது நல்லதற்கே. அந்தப் பெடியன் மிதுஷனுக்கு ஸ்ரொக்கோமில் வேலை, தர்மிகாவுக்கு எசன் நகரை விட்டுப் போக மனமில்லை, இருவரும் தாங்களாகவே பேசிப் பிரிந்தார்கள், யாரிலும் பிழையில்லை என்று எழுதியிருந்தாய். யாரில் பிழை என்று எனக்குத் தெரியும். அவனுடைய தாய், டோர்ட்மண்ட் கமலாம்பிகை. சம்பந்தம் பேச வந்த அன்று, மியூனிக்கிலிருந்து நண்டையும் கட்டிக்கொண்டு ரயிலேறி உன் வீட்டுக்கு வந்து நான் காய்ச்சிய ஒடியல் கூழைக் குடித்துவிட்டு, சபை நடுவில், "கூழ் நல்லாத்தான் இருக்கு, ஒடியல் மாதான் காணாது" என்று சொன்னவள். அது போதாதென்று அடுப்படிக்குள் வந்து என் கறித்தூளை உள்ளங்கையில் போட்டுத் தேய்த்து மணந்தும் பார்த்தாள். சுங்க அதிகாரிகூட அப்படி மணக்கமாட்டான். இனி எங்கள் குடும்பத்தில் எவரும் அவள் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. இது கட்டளை இல்லை. ஆனால் கட்டளைதான்.

தேனிலவுக்கென்று பிள்ளைகள் பதிந்த பயணத்தில் தர்மிகாவின் இடத்தில் நீ போகிறாயாம். போய் வா. உன் மனிசன் கண்ணை மூடிய பிறகு நீ எங்குமே போகவில்லை. குவாதலூப் கரீபியன் கடலில் இருந்தாலும் பிரெஞ்சுக்காரரின் தீவு என்று அத்தான் படத்தில் காட்டினார். அரிசியும் தூளும் கொண்டு போ. பெயர் தெரியாததைத் தின்னாதே. நிறமுள்ள பானம் எதையும் குடிக்காதே. அந்தப் பெடியனின் இடம் வெறுமையாகவே போகட்டும்.

உன்னை நினையாத நாளில்லாத
அக்கா மகாதேவி


எசன்
27.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். தர்மிகாவும் சுகம், சாப்பிடுகிறாள். அத்தானின் முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பூசிவிடுங்கள்.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் விடுமுறை தந்துவிட்டார்கள். பெட்டியில் வைத்த அரிசியைத் தர்மிகா வெளியே எடுத்துவிட்டாள். "அம்மா, நீங்கள் போறது தீவுக்கு, சந்திரனுக்கில்லை" என்றாள். தூளை மட்டும் காலுறைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன்.

மற்ற இடத்துக்கு யார் வருகிறார்கள் என்று அவளிடம் கேட்டேன். அது மிதுஷனுடைய விசயம், தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று விளங்கவில்லை. கல்யாணம் நின்ற பிறகு அவள் சிரித்துப் பார்த்தது அன்றுதான். அதனால் மேலே கேட்கவில்லை.

போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை புஷ்பராணி


குவாதலூப்
09.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். அங்கே பனி, இங்கே வந்திறங்கியதும் வியர்வை. நீங்கள் இருவரும் சுகந்தானே?

பாரிஸில் விமானம் மாறியபோது பக்கத்து இருக்கைக்கு ஒரு பெண்மணி வந்தார். தமிழர்தான், எங்கள் எசன் பக்கம். பாதிச் சமுத்திரம் தாண்டும்வரை நாங்கள் ஒரு சொல் பேசவில்லை. பிறகு அவருடைய இருக்கைப் பட்டி என்னுடையதில் சிக்கிக்கொண்டது. பேசாமல் அதைக் கழற்ற முடியவில்லை.

அறை நல்ல அறை. கட்டிலின்மேல் செம்பரத்தம்பூ இதழால் ஓர் இதயம் போட்டு, துவாய்களை மடித்து இரண்டு அன்னங்கள் முத்தமிடுவதுபோல் வைத்திருந்தார்கள். புதுத் தம்பதிகளுக்கு வாழ்த்து என்று ஓர் அட்டையும் இருந்தது. நான் ஒரு அன்னத்தை எடுத்து முகம் துடைத்தேன். மற்றது மற்றப் பக்கத்துக்குப் போய்விட்டது.

சாப்பாட்டைப் பற்றிப் பயப்படாதேயுங்கள். இங்கே 'அக்றா' என்று ஒன்று பொரிக்கிறார்கள். உப்பிட்ட மீனை ஊறவைத்து உதிர்த்து, வெங்காயத் தாளும் உறைக்கும் கொச்சிக்காயும் போட்டு மாவில் கரைத்து எண்ணெயில் விடுகிறார்கள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. கடலைப் பார்த்துக்கொண்டு ஒரு கூடை முடித்தோம். தெருவோர வண்டியில் 'பொக்கிற்' வாங்கினோம். பாணுக்குப் பதிலாகப் பொரித்த ரொட்டியைப் பிளந்து, கோழியும் சலாதுவும் காரக் குழம்பும் திணித்துத் தருகிறார்கள். கடித்தால் முழங்கைவரை வழியும். வழிந்ததைத் துடைக்கக் கடதாசி கேட்டோம், இல்லை என்றார்கள், சிரித்துவிட்டோம். ஈரப்பலாக்காயைக் கரியில் சுட்டுத் தருகிறார்கள், அக்கா. கிழங்குபோல மாவாக இருக்கிறது.

காலுறைக்குள் இருக்கும் தூளுக்கு இன்னும் வேலை வரவில்லை.

அன்பு குறையாத
புஷ்பராணி


மியூனிக்
11.02.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதத்தை எழுத்தைப் பெரிதாக்கி வாசித்தேன். பெரிதாக்கியதால் சில விசயங்கள் பெரிதாகவே தெரிந்தன.

போனது ஒருத்தி. ஆனால் "முடித்தோம், வாங்கினோம், கேட்டோம், சிரித்துவிட்டோம்" என்று எழுதியிருக்கிறாய். உனக்குப் பள்ளிக்கூடத்தில் தமிழ் நன்றாகத்தான் படிப்பித்தார்கள். அந்தப் பெண்மணி விமானத்தோடு போகவில்லையா? அவளுக்கும் அதே ஊரில்தான் விடுமுறையா? கல்யாணமானவளா? சொந்த இடம் எது? மற்ற அன்னம் எந்தப் பக்கத்துக்குப் போனது?

முன்பின் தெரியாதவர்களோடு ஒரு கூடைக்குள் கை விடாதே. பொரித்த எண்ணெயைத் திருப்பிப் பாவித்திருப்பார்கள், கொஞ்சம் இஞ்சி மென்று கொள்.

கவலையோடு இருக்கும்
அக்கா


குவாதலூப்
15.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். வயிறும் சுகம். நீங்கள் கேட்ட இலக்கணக் கேள்விகளுக்குப் பிறகு ஆறுதலாகப் பதில் எழுதுகிறேன், முதலில் இதைக் கேளுங்கள்.

நேற்று ஒரு சின்னக் கடைக்குப் போனோம். வெளியே பலகையில் சோக்கட்டியால் 'கொலொம்போ' என்று எழுதியிருந்தது. வாசித்துவிட்டுத் திகைத்து நின்றோம். எங்கள் கொழும்பேதான், அக்கா. கறிக்குப் பெயர் கொழும்பு. அந்தக் காலத்தில் கரும்புத் தோட்டத்து வேலைக்கென்று கப்பலில் வந்த எங்கள் ஆட்களோடு வந்த கறியாம். கடைக்காரியின் பெயர் மதாம் ராமசாமி. தமிழ் ஒரு சொல் தெரியாது. தட்டைப் பார்த்ததும் கூட வந்தவர், "கொழும்பை விட்டு ஓடி வந்தனாங்கள், அது இஞ்ச வந்து கோழியோட குடியிருக்கு" என்றார். எனக்குச் சோறு புரைக்கேறும்வரை சிரிப்பு.

மஞ்சள், மல்லி, கடுகு, வெந்தயம் எல்லாம் தெரிகிறது. உறைப்புத்தான் இல்லை. கத்தரிக்காயும் போட்டிருந்தார்கள். முதல் தட்டை ஆராய்ச்சிக்குச் சாப்பிட்டோம், இரண்டாம் தட்டைப் பசிக்குச் சாப்பிட்டோம். பிறகு சந்தையில் அந்தத் தூள் விற்கும் இடத்துக்குப் போனோம். கூட வந்தவர் கொஞ்சத்தை உள்ளங்கையில் போட்டுத் தேய்த்து மணந்து பார்த்து, மல்லியை வறுக்காமல் அரைத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார்.

காதலர் தினமென்று ஹோட்டலில் எங்கள் மேசையில் மெழுகுதிரி ஏற்றி வைத்தார்கள். குடிக்க என்ன வேண்டும் என்று கேட்டபோது 'ரீ பொன்ஷ்' என்று பட்டியலில் இருந்ததைக் காட்டினோம். ரீ என்றபடியால் தேத்தண்ணீர் வகை என்று நினைத்தோம். சின்னக் கண்ணாடிக் குவளையில் வந்தது. சூடில்லை. தேசிக்காயும் கரும்புச் சீனியும் போட்டிருந்தது. நிறமே இல்லாதபடியால் உங்கள் சொல்லை மீறவில்லை. குடித்த பிறகு கடல் கொஞ்சம் சரிந்து தெரிந்தது. தேயிலை கடுமையான சாதியாக இருக்கவேண்டும். இன்னொன்று வாங்கினோம்.

அத்தானுக்கு என் அன்பு.

புஷ்பராணி


மியூனிக்
17.02.2025

புஷ்பராணி,

சுகம் விசாரிக்க நேரமில்லை. உள்ளங்கையில் போட்டுத் தேய்த்து மணந்தாளா? அவள்தானா? ஓம் அல்லது இல்லை. ஒரு சொல் போதும். சாப்பாட்டு விபரம் வேண்டாம்.

அந்த ரீ தேத்தண்ணீர் இல்லை, றம் சாராயம் என்று அத்தான் சொல்கிறார். அதைப் பிறகு விசாரிப்பேன்.

மகாதேவி


குவாதலூப்
19.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஓம்.

ஒரு சொல் போதும் என்றீர்கள், எனக்குப் போதாது. தர்மிகாவும் மிதுஷனும் பேசிவைத்துத்தான் பயணப்பதிவில் தங்கள் பெயரை எடுத்து எங்கள் இருவரின் பெயரையும் போட்டிருக்கிறார்கள். தாங்கள் பிரிந்ததற்கு நாங்கள் ஏன் கோபித்துக்கொண்டு திரிய வேண்டும் என்று இருவருக்கும் மனக்குறை. விமானத்தில் கமலாம்பிகை அக்கா என்னைக் கண்டதும் எழும்பித் திரும்பிப் போகப் பார்த்தா. கதவை மூடிவிட்டார்கள். ஹோட்டலிலும் வேறு அறை இல்லை. முதல் நாள் கட்டிலுக்கு நடுவில் தலையணைகளை அடுக்கி எல்லை போட்டோம். இரண்டாம் நாள் அக்றாக் கூடையில் கடைசித் துண்டை எனக்கு விட்டுத் தந்தா. தலையணைகளை எடுத்துவிட்டோம்.

உங்களிடம் மறைக்க நினைக்கவில்லை. பெயர் வரவேண்டிய இடத்தில் கை வேறு சொல் தேடியது.

இன்று படகில் லே சான்த் என்ற குட்டித் தீவுக்குப் போனோம். துறையில் பெண்கள் கூடையோடு நின்று தேங்காய்ப்பூப் பாணி வைத்த சின்னக் கேக்குகள் விற்கிறார்கள். மீனுக்குப் போன புருசன்மாரைக் காத்திருந்த பெண்கள் செய்த பண்டமாம். பெயரைத் தமிழில் சொன்னால் காதல் வேதனை. பிள்ளைகளின் தேனிலவுக்கு வந்து நாங்கள் இருவரும் காதல் வேதனையைக் கையில் வைத்துக்கொண்டு மதிலில் இருந்தோம். அவ சாப்பிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தா.

"எனக்குப் பொம்பிளைப் பிள்ளை இல்லைப் புஷ்பா. தர்மிகா வாறாள் எண்டு அறைக்கு வெள்ளை அடிச்சு வைச்சனான். இப்ப அந்தக் கதவைத் திறக்க மனம் ஏலாமக் கிடக்கு" என்றா.

கூழைப் பற்றி அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நான் கேட்டேவிட்டேன்.

"பயம். உங்கட வீட்டில எல்லாரும் மகாதேவி அக்கா மகாதேவி அக்கா எண்டுதான் கதைச்சீங்கள். நானும் ஏதோ தெரிஞ்ச ஆள் எண்டு காட்ட வேணும்போல இருந்தது. வாயைத் திறந்தன், அதுதான் வந்தது."

பிறகு இருவரும் கேக்கைச் சாப்பிட்டோம். நல்ல ருசி. எங்கள் சுசியம் உருண்டைக்குள் வைப்பதுபோலத்தான், கறுவா கொஞ்சம் தூக்கல்.

அக்கா, நான் இங்கே வயிறு நோகச் சிரித்தேன். என் மனிசன் போன பிறகு இப்படிச் சிரித்ததில்லை. அதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

மன்னிப்புக் கேட்பதா வேண்டாமா என்று தெரியாத
புஷ்பராணி


எசன்
30.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்கள் எப்படி என்று நீங்கள் எழுதினால்தான் தெரியும். தீவிலிருந்து கடைசியாக எழுதியதற்கும் வீடு திரும்பியதும் எழுதியதற்கும் பதில் இல்லை.

சந்தையில் வாங்கிய கொழும்புத் தூளில் ஒரு பொதி தபாலில் அனுப்பியிருக்கிறேன். எறிவதானால் எறிந்துவிட்டேன் என்றாவது ஒரு வரி எழுதுங்கள். உங்கள் எழுத்தைக் கண்டால் போதும்.

புஷ்பராணி


மியூனிக்
27.04.2025

அன்புள்ள மச்சாள் புஷ்பராணிக்கு,

அத்தான் தியாகராசா எழுதுவது. நான் சுகம், முழங்கால் சுமார். உன் அக்காவும் சுகம். அவளுடைய கோபமும் சுகமாக இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறது.

பொதி வந்தது. முதல் நாள் அதைக் குப்பை வாளிக்குப் பக்கத்தில் வைத்தாள். அடுத்த நாள் பார்த்தால் அலுமாரியின் மேல்தட்டில் இருந்தது. அதற்கடுத்த ஞாயிறு கோழி வாங்கிவரச் சொன்னாள். எதற்கு என்று கேட்கக் கூடாது என்றும் சொன்னாள். பொதியைப் பிரித்து, தூளை உள்ளங்கையில் போட்டுத் தேய்த்து மணந்து பார்த்தாள். நான் பார்ப்பதைக் கண்டதும் ஓடிப்போய்க் கையைக் கழுவினாள். சமைத்தது நன்றாகவே இருந்தது. "இதில ஒண்டும் இல்லை" என்று சொல்லிக்கொண்டே சட்டியை வழித்தாள். அதற்குப் பிறகும் இரண்டு ஞாயிறு கோழிதான். எனக்கு ஆட்சேபனை இல்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். தீவிலிருந்து நீ எழுதிய கடைசிக் கடிதத்தைத் திரும்பத் திரும்பத் திறக்கிறாள். கூழைப் பற்றிய இடத்தில் அவளுடைய கண் நிற்கவில்லை. நீ வயிறு நோகச் சிரித்த இடத்தில்தான் நிற்கிறது. எனக்கு விளங்கியது அவ்வளவுதான்.

நான் எழுதியதாகத் தெரிய வேண்டாம்.

தியாகராசா


மியூனிக்
04.05.2025

தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். அத்தான் எழுதியதை வாசித்தேன். கடிதம் எழுதத் தெரிந்த மனிதருக்கு அதை மூடிவைக்கத் தெரியாது.

எனக்குக் கூழும் இல்லை, கறித்தூளும் இல்லை. அதெல்லாம் வாயால் சண்டை பிடிக்க வைத்திருக்கும் சாமான்கள். மறைத்தாய், அதுவும் போகட்டும். நானாக இருந்தாலும் மறைத்திருப்பேன், உன்னைவிடத் திறமாக மறைத்திருப்பேன்.

நீ சிரித்திருக்கிறாய். அந்தச் சிரிப்பில் நான் இல்லை. உன் மனிசன் போன பிறகு ஒவ்வொரு மாதமும் ரயிலேறி வந்து, சமைத்து, பெட்டி பெட்டியாக அடைத்து, உன் குளிர்பெட்டியை நிரப்பிவிட்டுப் போவேன். நீ ஒரு நாளாவது, அக்கா, அந்த அகப்பையைப் போட்டுவிட்டு வாருங்கள், எங்காவது போய்ப் பெயர் தெரியாத ஒன்றைத் தின்னுவோம் என்று என்னைக் கூப்பிட்டாயா? வந்திருக்கமாட்டேன், அது வேறு கதை. கூப்பிட்டிருக்கலாம்.

இதற்குச் சாப்பாட்டு விபரத்தோடு பதில் எழுதாதே.

மகாதேவி


எசன்
10.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம், அழுததால் மூக்கு மட்டும் அடைத்திருக்கிறது.

கூப்பிடவில்லை. இப்போது கூப்பிடுகிறேன். ஜூன் எட்டாம் திகதி ஞாயிறு, டோர்ட்மண்ட், கமலாம்பிகை அக்கா வீடு. நீங்கள் வரக்கூடும் என்று நான் சொன்ன நாள் முதல் அவ யன்னல் துடைத்துக்கொண்டு இருக்கிறா. "அவ என்ர சமையலைச் சாப்பிடுவாவோ?" என்று தினமும் போன் எடுக்கிறா. பயப்படுகிறா, அக்கா. அகப்பை கொண்டு வரவேண்டாம்.

வாருங்கள்.

புஷ்பராணி


மியூனிக்
12.06.2025

அன்புத் தங்கச்சிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். ரயில் வழக்கம்போலப் பிந்தியது. அத்தானுக்குக் கட்டித் தந்த ஆட்டிறைச்சிக் கொழும்பை அவர் முடித்துவிட்டார். மூக்கடைத்த உன் தடிமன் மாறிவிட்டதா?

நேரில் சொல்ல முடியாத சிலவற்றை எழுதுகிறேன். நீ மத்தியானம் வயிறு முட்டத் தின்றுவிட்டுச் சோபாவில் நித்திரையாகிப் போனாய். நானும் கமலாம்பிகையும் மேசையில் தனித்துப் போனோம். நீ இல்லாமல் என்ன கதைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. நான் சுவரைப் பார்த்தேன், அவர் உப்புப் போத்தலைத் துடைத்தார். பிறகு திடீரென்று எழும்பி, "வாங்கோ" என்று என்னைப் பல்கனிக்குக் கூட்டிப்போனார்.

அங்கே ஒரு பெரிய வாளி. வாளிக்குள் ஐஸ், ஐசுக்குள் கல்லுப்பு, நடுவில் ஒரு மூடிய பானை. தேங்காய்ப்பாலும் கறுவாவும் சாதிக்காயும் தேசிக்காய்த் தோலும் போட்டது. அந்தத் தீவின் கடற்கரையில் பெண்கள் மரப்பீப்பாவைச் சுற்றிச் சுற்றி இப்படித்தான் தேங்காய் ஐஸ்கிறீம் செய்து விற்பார்களாம். மெசின் வாங்காமல் கையால் செய்து பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார். உன்னை ஆச்சரியப்படுத்தத்தான் ஒளித்து வைத்திருந்தாராம். பானையைப் பிடித்து வலமும் இடமும் சுற்ற வேண்டும். அவர் சுற்றினார். கை களைத்ததும் நான் சுற்றினேன். எதிர்வீட்டு ஜெர்மன்காரி யன்னலைத் திறந்து பார்த்தாள். இரண்டு வயதான பெண்கள் வாளிக்குள் எதைக் கொல்கிறார்கள் என்று நினைத்திருப்பாள். கமலாம்பிகை அவளுக்குக் கை காட்டினார். நானும் காட்டினேன். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு விலா பிடித்துக்கொண்டது, புஷ்பா. கதிரையில் இருந்துதான் மூச்சு விட்டேன்.

அப்போது அவர், "அக்கா எண்டு கூப்பிடட்டோ?" என்று கேட்டார்.

"எனக்கு ஒரு தங்கச்சிதான்" என்றேன். வாய் வழமைப்படி முந்திவிட்டது.

அவர் பானையைத் திறந்து முதல் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். ஒரு கரண்டி வாயில் வைத்தேன். என்ன குறை சொல்லலாம் என்று தேடினேன். கிடைக்கவில்லை. கிண்ணம் காலியானதும், "தங்கச்சி, இன்னும் கொஞ்சம் போடு பிள்ளை" என்றேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு முன்றானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு நிறையப் போட்டார்.

நீ எழும்பியதும், "ஐஸ்கிறீம் செய்து பாத்தன், உறையேல்லை, ஊத்திப்போட்டன்" என்று அவர் உன்னிடம் சொன்னதும், நான் பக்கத்தில் நின்று தலையாட்டியதும் நினைவிருக்கும். அது பொய். கல்லுப்போல உறைந்திருந்தது. உனக்கென்று மூடி வைத்த கிண்ணத்தையும் நாங்கள் இருவரும் ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டுவிட்டோம்.

உன் பிரியமுள்ள
அக்கா மகாதேவி